விழும் பொருளால் ஏற்படும் காயத்திற்கான இழப்பீடு

விழும் பொருளால் ஏற்படும் காயத்திற்கான இழப்பீடு என்பது கட்டடம், மரம், விளம்பரப் பதாகை, சாரம், மின்கம்பம் முதலியவற்றிலிருந்து விழுந்த பொருளால் காயமடைந்த ஒருவர், அப்பொருளைத் தம் பொறுப்பில் வைத்திருந்தவரிடமிருந்து சட்டப்படி பெறக்கூடிய தொகை ஆகும். இது தீங்கியல் சட்டத்தின் ஒரு பகுதி. காயமடைந்தவர் இறந்துவிட்டால் அவரைச் சார்ந்து வாழ்ந்தோர் இதனைக் கோரலாம்.

இவ்வகை வழக்குகளுக்குத் தனித்தன்மை ஒன்று உண்டு. தலையில் ஓடு விழுந்து காயமடைந்தவருக்கு அந்த ஓடு ஏன் விழுந்தது என்பது பெரும்பாலும் தெரியாது. அதனைத் தெரிந்துகொள்ளக்கூடிய நிலையில் இருப்பவர் கட்டடத்தை வைத்திருப்பவரே. எனவே கவனக்குறைவை மெய்ப்பிக்கும் சுமையின் ஒரு பகுதியைச் சட்டம் வாதியின் தோளிலிருந்து இறக்கி, பொருளைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர் மீது ஏற்றுகிறது. இச்சலுகையைப் பெற வேண்டுமானால் விழுந்தது எது, எங்கிருந்து விழுந்தது, அது யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது என்ற மூன்றையும் காயமடைந்தவர் காட்டியாக வேண்டும். பழைய மாளிகைகள் நிறைந்த கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் மூன்றாவது கேள்விக்கு விடை காண்பது எளிதன்று.

வரலாறு

விழும் பொருளைப் பற்றிய சட்டம் மிகப் பழைமையானது. நெருக்கமான பல மாடி வீடுகள் கொண்ட பண்டைய உரோமை நகரில், வீட்டிலிருந்து தெருவில் வீசப்பட்ட அல்லது ஊற்றப்பட்ட பொருளால் சேதம் விளைந்தால், அவ்வீட்டில் குடியிருப்பவர் சேதத்தின் இரு மடங்கைக் கொடுக்க வேண்டும் என்ற விதி இருந்தது. வீசியவர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டிய தேவை இல்லை. சுதந்திர மனிதர் ஒருவர் இறந்தால் 50 பொற்காசுகள் தண்டமாக விதிக்கப்பட்டன. மக்கள் நடக்கும் வழிக்கு மேலே விழக்கூடிய நிலையில் ஒரு பொருளை வைத்திருந்தாலோ தொங்கவிட்டிருந்தாலோ, அது விழாவிட்டாலும் 10 பொற்காசுகள் தண்டம் உண்டு.

இன்றைய இந்தியச் சட்டம் பின்பற்றும் விதி 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருவானது. லிவர்பூல் நகரில் தெருவில் நடந்துகொண்டிருந்த ஒருவர் மீது, மாவு வணிகர் ஒருவரின் கடையின் மேல்தளத்திலிருந்து மாவுப் பீப்பாய் ஒன்று விழுந்தது. அது எப்படி விழுந்தது என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. 1863-ஆம் ஆண்டு பைர்ன் எதிர் போடில் என்னும் அவ்வழக்கில், கவனக்குறைவு இன்றிப் பீப்பாய் தானே உருண்டு சன்னல் வழியே விழாது என்றும், அது விழுந்ததே முதனிலைச் சான்று என்றும் நீதிமன்றம் முடிவு செய்தது. 1865-இல் இலண்டன் துறைமுகத்தில் சர்க்கரை மூட்டைகள் விழுந்து சுங்க அலுவலர் ஒருவர் காயமடைந்த வழக்கு, இவ்விதியைத் தெளிவாக வரையறுத்தது. அதன்படி இரண்டு கூறுகள் தேவை:

1. விபத்தை விளைவித்த பொருள் பிரதிவாதியின் கட்டுப்பாட்டில் இருந்திருக்க வேண்டும்.
2. உரிய கவனம் இருந்தால் பொதுவாக நிகழாத வகை விபத்தாக அது இருக்க வேண்டும்.

இவ்விரண்டும் இருந்தால், தாம் கவனமாக இருந்ததாக விளக்க வேண்டியவர் பிரதிவாதியே. இது 'ரெஸ் இப்சா லோக்விட்டர்' என்ற இலத்தீன் தொடரால் அறியப்படுகிறது. 'நிகழ்ச்சி தானே பேசுகிறது' என்பது இதன் பொருள்.

இந்திய நீதிமன்றத் தீர்ப்புகள்

இந்தியாவில் தீங்கியல் சட்டம் ஒரே சட்டநூலாகத் தொகுக்கப்படவில்லை. நீதிமன்றத் தீர்ப்புகளே இதன் அடிப்படை.

தில்லி மணிக்கூண்டு வழக்கு

தில்லி சாந்தினி சௌக்கில் நகர மண்டபத்துக்கு எதிரே இருந்த, நகராட்சிக்குச் சொந்தமான மணிக்கூண்டு இடிந்து விழுந்து சிலர் இறந்தனர். இறந்தோரில் மூவரின் குடும்பத்தார் தனித்தனியே வழக்குத் தொடர்ந்தனர். மணிக்கூண்டின் குறைபாடு வெளியில் தெரியாத ஒன்று என்பதும், அது தவிர்க்க இயலாத விபத்து என்பதும் நகராட்சியின் வாதங்கள். 1966 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தில்லி மாநகராட்சி எதிர் சுபக்வந்தி என்னும் இவ்வழக்கில் அவ்வாதங்களை ஏற்கவில்லை.

மணிக்கூண்டு ஏறத்தாழ 80 ஆண்டுகள் பழைமையானது. அதன் மேற்பகுதியில் பயன்படுத்திய சாந்தின் தன்மையைப் பார்த்தால் அதன் ஆயுள் 40 முதல் 45 ஆண்டுகளே என்று பொறியாளர் சாட்சியம் அளித்தார். சாந்து பிடிப்புத் தன்மையை இழந்து பொடியாகிப் போயிருந்தது. அதன் வலிமையை அறியும் நோக்கில் முறையான ஆய்வு நடத்தப்பட்டிருக்கவில்லை. பொதுவழியை ஒட்டிக் கட்டடம் வைத்திருப்பவருக்கு, அவ்வழியே செல்வோரின் பாதுகாப்புத் தொடர்பில் சிறப்புக் கடமை உண்டு என்றும், குறைபாடு கண்ணுக்குத் தெரிந்ததா மறைந்திருந்ததா என்பது அக்கடமையை நீக்காது என்றும் நீதிமன்றம் கூறியது. பழைய கட்டடங்களைப் பொறுத்தவரை இத்தீர்ப்பு மிக முக்கியமானது. "எனக்குத் தெரியாது" என்பது பொதுவழியோரக் கட்டட உரிமையாளருக்கு விடையாகாது.

மழையும் சுவரும்

மழையால் சுவர் விழுந்தது, அது இறைச்செயல் என்பது இவ்வழக்குகளில் அடிக்கடி கேட்கும் வாதம். கல்லுலால் எதிர் ஹேம்சந்த் வழக்கில், 2.66 அங்குல மழை பெய்த நாளில் சுவர் இடிந்து இரண்டு குழந்தைகள் இறந்தனர். மழைக்காலத்தில் அவ்வளவு மழை எதிர்பார்க்கக்கூடியதே. அது இறைச்செயல் ஆகாது என்று மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் கூறியது. முன்னெப்போதும் காணாத, எவரும் எதிர்பார்க்க இயலாத இயற்கை நிகழ்ச்சிக்கே இவ்விலக்குப் பொருந்தும். ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழையைக் காணும் தமிழ்நாட்டில் ஐப்பசி மழையைக் காரணம் காட்டுவது கடினம்.

சாலையோர மரம்

எல்லா வழக்குகளிலும் வாதி வெல்வதில்லை. இராசகோட்டையில் சாலையோர மரம் விழுந்து 1975-இல் ஒருவர் இறந்தார். அவருடைய குடும்பத்துக்குக் கீழமை நீதிமன்றம் வழங்கிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 1997-இல் நீக்கியது. குறிப்பிட்ட மரம் விழும் என்பதை மாநகராட்சி முன்கூட்டி அறிந்திருக்க முடியும் என்று காட்டப்படவில்லை என்பதே இதன் அடிப்படை. நிழலுக்காக மரம் நடும் உள்ளாட்சி அமைப்புகள் மீது எல்லையற்ற பொறுப்பைச் சுமத்தினால் அவை மரம் நடுவதையே தவிர்க்கும் என்ற கவலையும் அத்தீர்ப்பில் உண்டு. எனவே மரம் தொடர்பான வழக்குகளில், மரம் பட்டுப்போயிருந்தது, உள்ளே பொந்து இருந்தது, முன்பே புகார் கொடுக்கப்பட்டிருந்தது போன்ற சான்றுகள் முடிவைத் தீர்மானிக்கின்றன.

அறுந்து விழுந்த மின்கம்பி

மின்சாரம் போன்ற இடர்மிக்க பொருளைக் கையாள்பவருக்குக் கடும்பொறுப்பு உண்டு. மத்தியப் பிரதேச மின்வாரியம் எதிர் ஷைல் குமாரி என்னும் வழக்கில், சாலையில் கிடந்த மின்னோட்டமுள்ள கம்பியால் மிதிவண்டி ஓட்டி ஒருவர் இறந்தார். மின்சாரத்தைத் திருட முயன்ற வேறொருவரின் செயலே காரணம் என்ற வாதத்தை 2002-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இவ்வகையில் வாதி கவனக்குறைவைக் காட்டவே தேவையில்லை.

பள்ளிக்கரணைப் பதாகை

தமிழ்நாட்டில் பரவலாக அறியப்பட்ட நிகழ்வு சென்னை பள்ளிக்கரணையில் 2019 செப்டம்பர் 12 அன்று நடந்தது. அன்றைய ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவரின் இல்லத் திருமணத்துக்காகச் சாலையின் நடுத்திட்டில் அனுமதியின்றி வைக்கப்பட்ட பதாகை, இருசக்கர வாகனத்தில் சென்ற 23 அகவை மென்பொருள் பொறியாளர் மீது விழுந்தது. நிலைகுலைந்து சாலையில் விழுந்த அவர் மீது தண்ணீர் லாரி ஏறியது. மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம், இடைக்கால இழப்பீடாக 5 இலட்சம் ரூபாயைக் குடும்பத்துக்கு அரசு வழங்க வேண்டும் என்றும், அதனைப் பொறுப்பானவர்களிடமிருந்து வசூலிக்கலாம் என்றும் ஆணையிட்டது. பொருளை வைத்தவரின் தனிப்பட்ட பொறுப்போடு, அதனை அகற்றாமல் விட்ட பொது அமைப்பின் பொறுப்பும் கேள்விக்குள்ளாகும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

கானாடுகாத்தான் வீடுகளும் பொறுப்பும்

கானாடுகாத்தான் சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பேரூர் ஆகும். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனை இங்கு உள்ளது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகளை இந்தியா 2014-இல் யுனெசுகோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான முன்மொழிவுப் பட்டியலில் சேர்த்தது. கானாடுகாத்தானும் அதில் அடங்கும். இங்குள்ள நகரத்தார் வீடுகள் பல, ஒரு தெருவில் தலைவாசலும் அடுத்த தெருவில் பின்வாசலும் கொண்டவை. எனவே இவ்வீடுகள் பெரும்பாலும் இரு பொதுவழிகளை ஒட்டி நிற்கின்றன.

இவ்வீடுகள் தரமான சுண்ணாம்புச் சாந்து, செங்கல், பர்மாத் தேக்கு ஆகியவற்றால் கட்டப்பட்டவை. முறையாகப் பேணப்படும் வரை உறுதியானவை. பேணப்படாதபோது கைப்பிடிச் சுவர், கொடுங்கை, முகப்பின் மேலுள்ள சுதைச் சிற்பங்கள், ஓடுகள் ஆகியன முதலில் தளர்கின்றன. இதற்கான காரணங்களில் சில:

- தளத்தில் விழுந்த விரிசல் வழியே மழைநீர் பூச்சுக்குப் பின்னால் இறங்கி, சாந்தின் பிடிப்பைத் தளர்த்துதல்
- சுதைச் சிற்பத்தின் உள்ளேயுள்ள இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பருத்து, சுதையைப் பிளத்தல்
- சுவர் இடுக்கில் முளைத்த அரசு, ஆல் ஆகியவற்றின் வேர் செங்கற்களைப் பெயர்த்தல்
- சுண்ணாம்புப் பூச்சின் மேல் சிமெண்டால் ஒட்டுப் போடுவதால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்குதல்
- சுவருக்குள் செருகிய உத்தர முனைகள் நனைந்து உளுத்துப்போதல்

இவை அனைத்தும் மெதுவாக, ஆண்டுக் கணக்கில் நிகழ்பவை. ஏணி வைத்துப் பார்த்தாலே பெரும்பாலும் தெரியக்கூடியவை. தில்லி மணிக்கூண்டு வழக்கின் அளவுகோலில் வைத்துப் பார்த்தால், இத்தகைய வீட்டிலிருந்து சுதை பெயர்ந்து தெருவில் செல்பவர் மீது விழுவதைத் தவிர்க்க இயலாத விபத்து என்று கூறுவது அரிது.

பல பங்குதாரர் கொண்ட வீடு

செட்டிநாட்டு வீடுகளில் எழும் சிறப்புச் சிக்கல் உரிமை பற்றியது. கட்டியவரின் மக்கள், பேரர், கொள்ளுப்பேரர் எனப் பங்கு பிரிந்து, ஒரே வீட்டுக்குப் பலர் உரிமையாளராக இருப்பது இங்கு வழக்கம். அவர்கள் சென்னை, பெங்களூர், மலேசியா, சிங்கப்பூர், அமெரிக்கா எனப் பரவி வாழலாம். வீடு ஆண்டின் பெரும்பகுதி பூட்டியிருக்கும். பொங்கல், திருமணம், படைப்பு போன்ற காலங்களில் மட்டும் திறக்கப்படும். செப்பனிடும் செலவில் யார் எவ்வளவு கொடுப்பது என்பதில் உடன்பாடு இல்லாததாலேயே பல வீடுகள் சிதைகின்றன.

இந்தக் கருத்து வேறுபாடு காயமடைந்தவரைக் கட்டுப்படுத்தாது. ஒரே தீங்குக்குப் பலர் பொறுப்பாகும்போது அவர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாவர் என்பது தீங்கியலின் பொதுவிதி. அதாவது, தீர்ப்புத் தொகை முழுவதையும் பொறுப்பானவர்களுள் எவரிடமிருந்தும் வாதி பெறலாம். கொடுத்தவர் மற்றவர்களிடமிருந்து அவரவர் பங்கைக் கேட்டுப் பெற வேண்டும். "என் பங்கு பதினாறில் ஒன்று, இடிந்தது அண்ணன் பக்கத்துச் சுவர்" என்பது பங்காளிகள் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு.

உரிமையாளர் அல்லாதவரும் பொறுப்பாகலாம். வீட்டை விடுதியாக நடத்தும் குத்தகைதாரர், திரைப்படப் பிடிப்புக்காக வீட்டைச் சில நாட்கள் எடுத்தவர், தூண்களையும் மரவேலைப்பாடுகளையும் விற்பதற்காக வீட்டைப் பிரிக்கும் ஒப்பந்தக்காரர் ஆகியோர், தம் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிக்கு விடையளிக்க வேண்டும். இடிந்து விழும் நிலையிலுள்ள கட்டடத்தைச் சரிசெய்யவோ அகற்றவோ உரிமையாளருக்கு அறிவிப்புக் கொடுக்கும் அதிகாரம் உள்ளாட்சி அமைப்புக்கு உண்டு. தமிழ்நாட்டில் பேரூராட்சிகளுக்கு 2023 ஏப்ரல் முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 பொருந்துகிறது. புகார் வந்தும் பேரூராட்சி அசையாமல் இருந்தது என்று காட்டினால் அதனையும் பிரதிவாதியாகச் சேர்க்க இடமுண்டு.

இழப்பீடு கோரும் வழிகள்

காயமடைந்தவர் யார், எந்நிலையில் அங்கிருந்தார் என்பதைப் பொறுத்து வழி மாறும்.

வழிப்போக்கர்: உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டும். கோரும் தொகையைப் பொறுத்து மாவட்ட உரிமையியல் நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம் ஆகியவற்றுள் ஒன்று இதனை விசாரிக்கும். நீதிமன்றக் கட்டணம் தமிழ்நாட்டில் 2017-இல் 7.5 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. கட்டணம் செலுத்த இயலாதவர், வறியவராக வழக்குத் தொடர உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 33-ஆம் கட்டளை இடமளிக்கிறது.

கட்டடத் தொழிலாளி: வேலையின்போது காயமடைந்த கொத்தனார், சித்தாள் போன்றோர் முதலாளியின் கவனக்குறைவைக் காட்டத் தேவையில்லை. வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் காயம் நேர்ந்தது என்று காட்டினால் போதும். இவ்வுரிமையை 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வழங்கியது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ளது. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்கள், வாரியத்தின் விபத்து உதவித்தொகையையும் கோரலாம்.

விடுதி விருந்தினர்: பணம் கொடுத்துத் தங்கியவர், சேவைக் குறைபாடு என்ற அடிப்படையில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுக் கட்டணம் இல்லை.

அரசு அமைப்பின் பொருளால் காயமடைந்தவர்: அரசியலமைப்பின் 226-ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனுத் தாக்கல் செய்யலாம். சிவகங்கை மாவட்டத்துக்கு 2004 சூலையில் தொடங்கப்பட்ட மதுரைக் கிளையே உரிய இடம். நிகழ்ச்சி பற்றிய உண்மைகளில் பெரிய கருத்து வேறுபாடு இருந்தால், உரிமையியல் நீதிமன்றத்துக்கே செல்லுமாறு உயர் நீதிமன்றம் கூறுவது உண்டு.

லாரியிலிருந்து சரக்கு விழுந்து காயமடைந்தவர்: இது வாகனப் பயன்பாட்டால் எழும் விபத்து என்பதால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும்.

குற்றவியல் நடவடிக்கை இவற்றிலிருந்து வேறானது. கட்டடத்தை இடிக்கும்போதோ செப்பனிடும்போதோ போதிய பாதுகாப்புச் செய்யாதிருப்பது, 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 290-ஆம் பிரிவின்படி குற்றமாகும். பிறர் உயிருக்கோ உடலுக்கோ இடர் விளைவிக்கும் கவனமற்ற செயலுக்கு 125-ஆம் பிரிவும், கவனக்குறைவால் இறப்பு நேர்ந்தால் 106-ஆம் பிரிவும் பொருந்தும். குற்ற வழக்கு முடியும் வரை இழப்பீட்டு வழக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. குற்ற வழக்கில் ஒருவர் விடுவிக்கப்பட்டாலும் உரிமையியல் வழக்கில் அவர் பொறுப்பாளர் ஆகலாம். இரண்டிலும் தேவைப்படும் மெய்ப்பிப்பின் அளவு வேறு.

இழப்பீட்டைக் கணக்கிடும் முறை

காயத்துக்கான இழப்பீடு இரு பிரிவுகளாகக் கணக்கிடப்படுகிறது. பணமாக அளக்கக்கூடியவை: மருத்துவச் செலவு, போக்குவரத்து, சத்துணவு, சிகிச்சைக் காலத்தில் இழந்த ஊதியம், நிலையான ஊனத்தால் வருங்காலத்தில் குறையும் வருமானம், எதிர்கால மருத்துவச் செலவு. பணமாக நேரடியாக அளக்க இயலாதவை: வலியும் வேதனையும், வாழ்க்கையின் இயல்பான இன்பங்களை இழத்தல், ஆயுள் குறைவு.

உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் ஒரு முக்கிய வேறுபாட்டை விளக்கியது. மருத்துவர் கூறும் உடல் ஊன விழுக்காடு வேறு. அதனால் ஏற்படும் வருமான இழப்பு விழுக்காடு வேறு. இடக்கையை இழந்த தச்சரோ ஓட்டுநரோ தம் தொழிலையே முழுவதும் இழக்கக்கூடும். அதே இழப்பு நேர்ந்த எழுத்தர் தம் வேலையைத் தொடரக்கூடும். வாகன விபத்து வழக்குகளில் உருவான இவ்விதிகளைப் பிற காய வழக்குகளிலும் நீதிமன்றங்கள் வழிகாட்டியாகக் கொள்கின்றன.

எடுத்துக்காட்டாக, மாதம் 15,000 ரூபாய் ஈட்டும் 38 அகவைக் கைத்தொழிலாளி ஒருவர், ஓடு விழுந்து தோள்பட்டை முறிந்து, 40 விழுக்காடு உழைக்கும் திறனை நிலையாக இழந்ததாகக் கொள்வோம். ஆண்டு வருமானம் 1,80,000 ரூபாய். அதில் 40 விழுக்காடு 72,000 ரூபாய். 36 முதல் 40 அகவை வரையிலானோருக்கு, சரளா வர்மா வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த பெருக்கெண் 15 ஆகும். ஆகவே வருங்கால வருமான இழப்பு 10,80,000 ரூபாய். வருங்கால வருமான உயர்வு, மருத்துவச் செலவு, வலி, வேதனை ஆகியவற்றுக்கான தொகைகள் இதனோடு சேரும்.

தொழிலாளர் இழப்பீட்டில் கணக்கு வேறு. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த முறையையே புதிய தொகுப்புச் சட்டமும் பின்பற்றுகிறது. இறப்பு நேர்ந்தால் மாத ஊதியத்தின் 50 விழுக்காட்டையும், முழுமையான நிலை ஊனம் நேர்ந்தால் 60 விழுக்காட்டையும் அகவைக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 40 அகவைக்குரிய காரணி 184.17. மாதம் 12,000 ரூபாய் பெற்ற தொழிலாளி முழுமையான நிலை ஊனமடைந்தால், 7,200 ரூபாயை 184.17-ஆல் பெருக்கிப் பெறும் 13,26,024 ரூபாய் அவருக்கு உரியது.

சான்றுகள்

நிகழ்ச்சி தானே பேசுகிறது என்ற விதி, பேச வேண்டிய பொருள் எஞ்சியிருந்தால்தான் உதவும். விழுந்த சுதையும் செங்கல்லும் அன்று மாலைக்குள் கூட்டி அள்ளப்பட்டுவிடும். பெயர்ந்த இடம் ஒரு வாரத்தில் பூசப்பட்டுவிடும். அதன் பிறகு அது அந்த வீட்டிலிருந்துதான் விழுந்தது என்பதையே பிரதிவாதி மறுக்கக்கூடும். எனவே பின்வருவன முக்கியமானவை:

- விழுந்த பொருள், பெயர்ந்த இடம், தெரு ஆகிய மூன்றும் ஒரே படத்தில் தெரியும் ஒளிப்படங்கள்
- விழுந்த பொருளின் ஒரு துண்டு
- நேரில் கண்டோரின் பெயரும் முகவரியும்
- மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல். காயத்தின் காரணம் இதில் சரியாக எழுதப்படுவது இன்றியமையாதது. 'கீழே விழுந்து காயம்' என்று பதிவாகிவிட்டால் பின்னர் மாற்றுவது கடினம்.
- காவல் நிலையத்தில் கொடுத்த புகாரும், முதல் தகவல் அறிக்கை அல்லது மனு ஏற்பு இரசீதும்
- மருத்துவச் செலவுச் சீட்டுகள், ஊதியச் சான்று, மருத்துவக் குழு வழங்கும் ஊனச் சான்றிதழ்
- பேரூராட்சியின் சொத்துவரிப் பதிவு, சார்பதிவாளர் அலுவலக வில்லங்கச் சான்று. பூட்டிய வீட்டின் உரிமையாளர்களைக் கண்டறிய இவை பயன்படும்.

அக்கட்டடம் பற்றி முன்பு யாரேனும் புகார் கொடுத்தார்களா, உள்ளாட்சி அமைப்பு அறிவிப்பு அனுப்பியதா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் கேட்டுப் பெறலாம். கைப்பேசிப் படங்களை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட, பாரதிய சாட்சிய அதிநியமம், 2023-இன் 63-ஆம் பிரிவுக்கேற்ற சான்றிதழ் தேவை.

காலவரையறை

உரிமை இருந்தும் காலம் கடந்ததால் இழப்பீட்டை இழப்போர் உண்டு. காலவரையறைச் சட்டம், 1963-இன்படி, தனி வரம்பு குறிப்பிடப்படாத வழக்குகளுக்குரிய 3 ஆண்டுகளே கவனக்குறைவால் நேர்ந்த காயத்துக்கும் பொருந்தும். இறப்பு நேர்ந்து, உயிரிழப்பு விபத்துகள் சட்டம், 1855-இன்கீழ் கணவன், மனைவி, பெற்றோர், மக்கள் ஆகியோருக்காகத் தொடரப்படும் வழக்குக்கு வரம்பு இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள். நுகர்வோர் ஆணையத்துக்கும் 2 ஆண்டுகள். மோட்டார் வாகனத் தீர்ப்பாயத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 6 மாதங்கள். அரசு மீது வழக்குத் தொடரும் முன் 2 மாத எழுத்துவழி அறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

பிரதிவாதியின் எதிர்வாதங்கள்

இறைச்செயல், மறைந்திருந்த குறைபாடு ஆகியவை மேலே கூறப்பட்டன. இவை தவிர, காயமடைந்தவரே கவனமின்றி நடந்தார் என்று வாதிடப்படலாம். இது ஏற்கப்பட்டால் இழப்பீடு முற்றும் மறுக்கப்படுவதில்லை. அவருடைய தவறின் அளவுக்கேற்பக் குறைக்கப்படும். வேலி கட்டித் தடுத்த இடத்துக்குள் புகுந்தவருக்கும், வழக்கமான நடைபாதையில் சென்றவருக்கும் இதில் வேறுபாடு உண்டு. பொதுத் தெருவில் நடப்பவர் மேலே பார்த்தபடி நடக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை. சுவரில் எழுதிய எச்சரிக்கை மட்டும் போதாது. சுவரைச் சரிசெய்வதே கடமை. செப்பனிடும் பணியை ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்துவிட்டதாகக் கூறுவதும் பொதுவழியோரக் கட்டட உரிமையாளரை எளிதில் விடுவிப்பதில்லை.

பிற நாடுகளில்

சப்பானின் உரிமையியல் சட்டத்தொகுப்பின் 717-ஆம் உறுப்பு, கட்டமைப்பின் குறைபாட்டால் தீங்கு நேர்ந்தால் அதனை அனுபவிப்பவர் பொறுப்பு என்றும், அவர் உரிய கவனத்துடன் இருந்திருந்தால் உரிமையாளரே பொறுப்பு என்றும் கூறுகிறது. உரிமையாளருக்குக் கவனமாக இருந்தேன் என்ற விலக்குக் கிடையாது. சீனாவில் 2021 முதல் நடைமுறையிலுள்ள உரிமையியல் சட்டத்தொகுப்பின் 1254-ஆம் உறுப்பு, அடுக்குமாடிக் கட்டடத்திலிருந்து விழுந்த பொருள் எவருடையது என்று கண்டறிய முடியாதபோது, அதனை வீசியிருக்கக்கூடிய குடியிருப்போர் ஈடு செய்ய வேண்டும் என்கிறது. தாம் வீசவில்லை என்று மெய்ப்பிப்பவர் விலக்குப் பெறுவர். பண்டைய உரோமைச் சட்டம் எதிர்கொண்ட அதே சிக்கலுக்கு இது இன்றைய விடை.

சட்ட உதவி

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், வரையறுத்த வருமானத்துக்கு உட்பட்டோர் ஆகியோர் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-இன்கீழ் கட்டணமின்றி வழக்கறிஞரைப் பெறலாம். மாவட்ட, வட்ட அளவில் இயங்கும் சட்டப் பணிக் குழுக்கள் இதற்கான மனுக்களைப் பெறுகின்றன. இரு தரப்பும் இசைந்தால் மக்கள் நீதிமன்றத்தில் தீர்வு காணலாம். அங்கு வழங்கப்படும் தீர்வு, உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு இணையானது. அதன்மீது மேல்முறையீடு இல்லை. தெருவில் காயமடைந்த கூலித் தொழிலாளிக்கும் வெளிநாட்டில் வாழும் வீட்டு உரிமையாளர்களுக்கும் இடையே, பல ஆண்டு வழக்கைத் தவிர்க்க இது ஏற்ற வழியாகும்.

இவற்றையும் பார்க்க

- தீங்கியல் சட்டம்
- கவனக்குறைவு
- செட்டிநாட்டு வீடுகள்
- கானாடுகாத்தான்
- மக்கள் நீதிமன்றம்